நாவலர் வாழ்வும் பாடசாலையில் ஒழுக்கக் கல்வியும்

பாடசாலையிலே பிள்ளைகளுக்கு எழுத்தும் எண்ணுங் கற்பித்தால் அமையுமோ, நல்லொழுக்கத்தையும் அங்கே கற்பித்தல் வேண்டுமோ என்னும் வினா இன்று நேற்று எழுந்ததன்று. பொதுமக்களின் வரிப்பணத்தால் நடைபெறும் பாடசாலையிலே ஒழுக்கம் போதிப்பதாயின் அது யாருடைய ஒழுக்கமாயிருக்கும் என்று கேட்பார் ஒரு சாரார். ஒழுக்கத்தை வீடுங் கோயிலும் பார்த்துக்கொள்ளும், ஆசிரியன் பாடத்திட்டத்தை முடித்தாற் போதும் என்பார் மற்றொரு சாரார். இவ்வினாவுக்குத் தமது வாழ்நாள் முழுவதையுமே விடையாகத் தந்த பெரியார் ஒருவர் நம் நாட்டில் இருந்தார். அவர்தாம் நல்லூர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர். சைவத்தைக் காத்தவரென்றும், தமிழ் வசனநடைக்கு வழிவகுத்தவரென்றும் அவரை விழாமேடைகளிலே போற்றுகின்றோம். பிள்ளைகளுக்கு முன்னே பாடப் புத்தகத்தோடு நின்ற ஆசிரியராக அவரை நினைப்பது மிகக் குறைவு. நம் கல்லூரி யூபிலி கொண்டாடும் இவ்வேளையிலே அவர் வாழ்வின் அப்பகுதியைச் சிறிது விரித்துரைத்தல் பொருந்துமெனக் கருதுகின்றேன்.

நாவலர் 1822ஆம் ஆண்டு மார்கழி மாதம் 18ஆந் திகதி நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் கடைசி மகனாகப் பிறந்தார். தந்தையார் தமிழறிவு மிக்கவர், நாடகங்கள் இயற்றியவர். மகனுக்கு ஒன்பது வயதாகும்போது அவர் இறந்தார். அவர் குறையாக விட்டுச்சென்ற நாடகமொன்றை அச்சிறு பிள்ளையே பாடி முடித்தாரென்பது வழிவழியாக வழங்கும் செய்தி. பின்னர் சரவணமுத்துப் புலவரிடத்தும் அவருக்கு ஆசிரியராகிய சேனாதிராய முதலியாரிடத்தும் இலக்கண இலக்கியங்களை அவர் கற்றார்.

அக்காலத்து யாழ்ப்பாணத்திலே கல்வி திண்ணைப் பள்ளிக்கூடத்திலே தொடங்கிற்று. பிள்ளை மணலிலே விரலால் எழுதி அரிச்சுவடி பழகும். பின் ஏட்டைக் கையிலெடுக்கும். அவ்வேட்டிலே முதன்முதற் காண்பன ஆத்திசூடி, கொன்றைவேந்தன், மூதுரை, நல்வழி முதலிய நீதி நூல்களே. ஆத்திசூடி அகர வரிசையில் அமைந்த நூலாதலின், எழுத்தறிவும் நீதியறிவும் ஒரே நேரத்திலே புகட்டப்பட்டன. ஒழுக்கத்தைப் பாடசாலையிற் கற்பிக்கலாமா என்று நம் முன்னோரைக் கேட்டிருந்தால் அவ்வினாவே அவர்களுக்கு விளங்கியிராது. ஒழுக்கத்தைத் தவிர வேறெதனைக் கொண்டு எழுத்தைக் கற்பிப்பது என்றே அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பர்.

ஆயினும் அம்முறையிலே பெருங்குறை ஒன்றிருந்தது. பாட்டு மனனமாயிற்று, பொருள் மனத்திற் புகவில்லை. ஆத்திசூடியை முதலிலிருந்து ஈறுவரையும் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பிள்ளை, இடையிலே ஓர் அடியின் கருத்தை வினாவினால் விழித்து நிற்கும். அடி வாங்காமலிருக்கப் பாடமாக்கிய நீதி, பிரம்பை மறந்தவுடன் மறந்துபோகும்.

இந்நிலையிலேதான் மிஷனரிமார் வந்தனர். 1814இல் வெஸ்லியன் மிஷனாரும், 1816இல் அமெரிக்க மிஷனாரும், 1818இல் சேர்ச் மிஷனாரும் யாழ்ப்பாணத்திலே தம் பணியைத் தொடங்கினர். ஊர்தோறும் பாடசாலைகள் எழுந்தன. 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரியும், 1824இல் உடுவில் மகளிர் பாடசாலையும் தோன்றின. அச்சிட்ட புத்தகம், வகுப்புப் பிரிவு, மணியடித்து மாறும் பாடவேளை, வினாவும் விடையுமாகப் பொருளை விளக்கும் முறை ஆகிய இவையெல்லாம் நம்மவருக்குப் புதியன. அங்கே ஒழுக்கமும் கற்பிக்கப்பட்டது. பொய், களவு, குடி ஆகியவற்றின் தீமையைப் பிள்ளைகள் விளங்கிக்கொள்ளும் வசனத்திலே எடுத்துரைத்தனர். ஆனால் அவ்வொழுக்கம் விவிலியத்தோடு பிணைந்தே வந்தது. நல்லவனாதலும் கிறிஸ்தவனாதலும் ஒன்றேயென்னும் எண்ணம் பாடத்தோடு பாடமாகப் பிள்ளையின் உள்ளத்திற் பதிக்கப்பட்டது. ஆங்கிலம் கற்க வேறிடமில்லாத சைவப் பெற்றோர் அறிந்தும் அறியாதார்போல் தம் மக்களை அங்கே அனுப்பினர்.

ஆறுமுகனாரும் அவ்வாறு அனுப்பப்பட்டவரே. இன்று யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியென வழங்கும் வெஸ்லியன் பாடசாலையிலே பேர்சிவல் பாதிரியாரிடம் அவர் ஆங்கிலம் கற்றார். கற்றபின் அங்கேயே ஆசிரியராகவும் அமர்ந்தார். பாதிரியார் விவிலியத்தைத் தமிழில் மொழிபெயர்த்தபோது அவருக்குத் துணைசெய்தவரும் இவரே. சைவராகவே இருந்துகொண்டு அப்பணியைச் செவ்வனே செய்துகொடுத்தார். இதனைச் சிலர் வியப்பர். சிலர் கூசிக் கூறாது விடுவர். எனக்கு இதிலே கூச்சம் தோன்றவில்லை. மாற்றார் நூலை எழுத்தெழுத்தாகக் கற்ற அவ்வாண்டுகளிலேதான், ஒரு சமயத்தார் தம் கொள்கையையும் ஒழுக்கத்தையும் பிள்ளைகளுக்கு எவ்வாறு படிமுறையாக ஊட்டுகின்றனரென்பதை அவர் உள்ளிருந்து கண்டார். பின்னாளிலே அவர் ஆக்கிய பாடசாலைக்கு அதுவே பயிற்சிக் கலாசாலையாயிற்று என்பேன்.

1847ஆம் ஆண்டு மார்கழி 31ஆந் திகதி வண்ணார்பண்ணை வைத்தீஸ்வரன் கோயிலிலே அவரது முதற் பிரசங்கம் நிகழ்ந்தது. அதன்பின் வெள்ளிக்கிழமைதோறும் மாலையிலே அங்கே பிரசங்கங்கள் நடைபெற்றன. நல்லூர்க் கார்த்திகேய ஐயரும் அவருடன் சேர்ந்துகொண்டார். கடவுளின் இயல்பு, சிவலிங்க வழிபாடு, தீட்சை முதலிய சமயப் பொருள்களோடு கொல்லாமை, கட்குடி, பிறர்மனை நயத்தல், தானம், பசுக்காத்தல் ஆகிய ஒழுக்கப் பொருள்களும் அங்கே பேசப்பட்டன. கோயில் மண்டபத்திலே இருந்து கேட்டோர் வளர்ந்தவர்கள், வழக்கம் முதிர்ந்தவர்கள். கேட்டுத் தலையசைத்து, வீடுசென்றபின் பழையபடியே நடப்பார் எக்காலத்தும் உளர். முதல் பிரசங்கம் நிகழ்ந்து ஓராண்டு நிறைவதற்குள்ளே நாவலர் பாடசாலை தொடங்கினாரென்பதை நோக்கும்போது, முற்றிய மரத்தைவிட நாற்றையே அவர் நம்பினாரென எண்ணத் தோன்றுகின்றது.

1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பேர்சிவல் பாதிரியாரின் பாடசாலையிலிருந்து அவர் விலகினார். வேதனத்தைக் கூட்டித் தருவதாகப் பாதிரியார் கூறியும் அவர் இசையவில்லையென்று சரிதம் எழுதியோர் கூறுவர். இல்லறத்தையும் அவர் மேற்கொள்ளவில்லை. புதிய பாடசாலையிலே பிள்ளைகளிடம் பணம் வாங்கப்படவில்லை. அவரிடங் கற்ற மாணாக்கரே அவரோடு கூடிக் கற்பித்தனர். வேதனம் பெறும் ஆசிரியராய் இருபத்தைந்து வயதிலே நல்ல நிலையிலிருந்த ஒருவர், வேதனமில்லாத ஆசிரியராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார். ஒழுக்கக் கல்வியைப் பற்றி அவர் பின்னர் எழுதியனவற்றையெல்லாம் இச்செயலோடு சேர்த்தே படித்தல் வேண்டும்.

பாடசாலை தொடங்கியாயிற்று, எதைக்கொண்டு கற்பிப்பது? மிஷன் புத்தகங்களைக் கையாள இயலாது. ஏடோ பொருள் விளக்காது. ஆதலின் 1849ஆம் ஆண்டு, மாணாக்கராகிய சதாசிவபிள்ளையை உடன்கொண்டு அச்சியந்திரம் வாங்கும் பொருட்டு அவர் தமிழ்நாட்டுக்குச் சென்றார். அப்பயணத்திலே திருவாவடுதுறை ஆதீனத்தில் அவரது பிரசங்கத்தைக் கேட்டு மகிழ்ந்த சந்நிதானம் நாவலர் என்னும் பட்டத்தை அளித்தது. உலகம் நினைவில் வைத்திருப்பது பட்டத்தை. பிள்ளைகளுக்குப் பயன்பட்டது அச்சியந்திரம். வண்ணார்பண்ணையிலே வித்தியாநுபாலன யந்திரசாலை நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டுகளிலே பாலபாடப் புத்தகங்களும், சைவ வினாவிடையும், ஆத்திசூடி, கொன்றைவேந்தன் முதலியவற்றின் உரைப் பதிப்புக்களும் வெளிவரலாயின.

பாலபாடம் எழுத்திலே தொடங்கி, சிறு சொல், சிறு வசனம் என்று ஏறிச்சென்று, நான்காம் புத்தகத்திலே முழுக் கட்டுரைகளாக விரியும். வளர்ந்த பிள்ளைகளுக்கென அமைந்த அந்நான்காம் பாலபாடத்திலே கடவுளியல்பு பற்றிய பாடத்தோடு கொலை, புலாலுண்ணல், களவு, கள்ளுண்ணல், பொய், அழுக்காறு, கோபம், சூது, செய்ந்நன்றியறிதல், கல்வி ஆகியன தனித்தனிப் பாடங்களாக உள்ளன. வைத்தீஸ்வரன் கோயிலிலே வெள்ளி மாலைகளிற் பேசப்பட்டவற்றிற் பல இங்கே பாடமாகிவிட்டன. ஒரு பொருளை எடுத்துக்கொண்டால், அது யாதென்று முதலிலே வரையறுப்பார். அதனால் உடலுக்கும் பொருளுக்கும் மானத்துக்கும் வருங் கேட்டைக் காட்டுவார். மறுமையில் வருந் துன்பத்தையும் விடாது கூறுவார். வாக்கியங்கள் தெளிவானவை, சந்தி பிரித்து, நிறுத்தக் குறியிட்டு அச்சிடப்பட்டவை. பிள்ளை தானே வாசித்துத் தானே விளங்கிக்கொள்ளலாம்.

தமிழாசிரியன் என்ற முறையிலே இங்கே ஒன்றைக் குறிப்பிட விரும்புகின்றேன். நாவலரின் எளிய நடை மொழிக்குச் செய்த தொண்டாக மாத்திரம் பேசப்படுகின்றது. அந்நடை பிறந்ததற்குக் காரணம் ஒழுக்கப் போதனையே. பொருள் விளங்காத நீதி பயன்படாது என்று கண்டவர் விளங்கும் வசனத்தைத் தேடினார். ஆத்திசூடிக்கு உரை எழுதியதும் அதனாலேயே. பழைய திண்ணைப் பள்ளியிடமிருந்து நூலையும், மிஷன் பாடசாலையிடமிருந்து முறையையும் அவர் எடுத்துக்கொண்டார். சைவ வினாவிடையின் அமைப்பே கிறிஸ்தவ ஞானோபதேச வினாவிடையைப் பார்த்து அமைந்ததுதான். நல்ல கருவி எவர் கையிலிருந்தாலும் வாங்கிக்கொள்ள அவர் தயங்கினாரல்லர்.

அம்முறையிலே குறையில்லையென்று நான் சொல்லமாட்டேன். தண்டனைக்கு அஞ்சித் தீமையை விடு என்னுங் குரல் பாலபாடத்திலே சற்று ஓங்கியே ஒலிக்கின்றது. நரகத்தின் அச்சம் ஏழு வயதுப் பிள்ளையை இரவிலே விழிக்கச் செய்யும். பதினேழு வயதிலே அவ்வளவாக வேலை செய்யாது. வினாவும் விடையுமாகக் கற்பதிலே இன்னோரிடரும் உண்டு. விடை முன்னரே எழுதப்பட்டிருத்தலின், பிள்ளை தானாக வினாவக் கற்றுக்கொள்வதில்லை. இன்றும் சமயபாட வினாத்தாளிலே வாய்மையைப் பற்றி ஒரு பக்கம் அழகாக எழுதிவிடுகின்றான் மாணவன். அடுத்த மேசையைப் பார்த்து எழுதினானோ என்பது அவனுக்கும் அவன் மனச்சாட்சிக்குமே தெரியும். புள்ளி மாத்திரம் நமக்குத் தெரியும்.

புள்ளியைப் பற்றிப் பேச வந்ததனால், அக்காலத்து அரசினர் கொள்கையையும் இங்கே கூறுதல் வேண்டும். நெடுங்காலம் அரசாங்கத்தின் கல்விப் பணம் பெரும்பாலும் மிஷன் பாடசாலைகளுக்கே சென்றது. கிறிஸ்தவமும் நல்லொழுக்கமும் பிரிக்கலாகாதன என்பதே ஆள்வோரின் எண்ணம். சைவப்பிரகாச வித்தியாசாலை பல ஆண்டுகள் அரசினர் உதவியின்றி, ஊரவர் தந்த பொருளாலும் புத்தக விற்பனையாலும் தள்ளாடி நடந்தது. சைவப் பிள்ளைகளுக்குச் சைவ ஒழுக்கம் கற்பிக்கும் பாடசாலை பொதுப் பணத்துக்கு உரியதன்றோ என்னும் கேள்வியை நாவலர் விடாது எழுப்பினார்.

1865இலே மோகன் என்பாரைத் தலைவராகக் கொண்ட சட்டசபைக் குழுவொன்று கல்விநிலையை ஆராயத் தொடங்கி, 1867இல் அறிக்கை சமர்ப்பித்தது. அதன் பயனாக 1869இலே பொதுப் போதனைப் பகுதி உருவாயிற்று. எச்சமயத்தார் நடத்தும் பாடசாலையாயினும், உலகியற் பாடங்களில் மாணவர் அடையும் தேர்ச்சியை அளந்து அதற்கேற்ப நன்கொடை வழங்கும் முறை 1870இலே வந்தது. சைவப் பாடசாலைகளும் உதவி பெறுவதற்கு இவ்வாறு கதவு திறந்தது. நாவலர் வித்தியாசாலையும் அவ்வழியே நன்கொடை பெற்றது.

நியாயமான ஏற்பாடுதான். ஆனால் அதனுள்ளே ஒரு நுட்பமான மாற்றம் ஒளிந்திருந்தது. பரிசோதகர் வந்து வாசிப்பையும் எழுத்தையும் கணக்கையும் பரீட்சித்தார். அவற்றுக்கே பணம் கொடுத்தார். பிள்ளை பொய் சொல்லாதிருக்கின்றானா, நோயுற்ற தோழனுக்கு உதவுகின்றானா என்பதை எந்தப் பரிசோதகரும் அளக்க முடியாது. ஆகவே அதற்கு ஒரு சதமேனும் கிடையாது. யாருடைய ஒழுக்கம் என்னும் வழக்கைத் தீர்க்கும் பொருட்டு, அரசாங்கம் ஒழுக்கத்தின் பக்கமே பாராமல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. பணம் எங்கே போகின்றதோ அங்கேதான் பாடவேளையும் போகும். பின்வந்த பாடசாலை முகாமையாளர் பலர் இதனை நன்குணர்ந்திருப்பர். நாவலர் பாடசாலையிலே சமயமும் ஒழுக்கமும் பாடவேளையில் நிலைத்துநின்றதற்குக் காரணம், அப்பாடசாலை நன்கொடைக்காகத் தோன்றியதன்று. நன்கொடை வருமுன்னரே இருபதாண்டுகளாக நடந்த ஒன்று என்பதே.

இனி, கூறாது விடலாகாத ஒன்றைக் கூறுவேன். யாருடைய ஒழுக்கம் என்னும் வினா நாவலரையும் விட்டுவைக்கவில்லை. அவர் சாதியாசாரத்தைச் சமயாசாரத்தின் பகுதியாகவே கொண்டவர். யாழ்ப்பாணத்துத் தமிழ்ப் பிள்ளைகளெல்லாரும் அவர் பாடசாலை வாங்கில் இருக்க இயலவில்லை. தாழ்த்தப்பட்டோரென ஒதுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைகள் வாயிலுக்கு வெளியேதான் நின்றனர். கொல்லாமையையும் பொய்யாமையையும் அவ்வளவு தெளிவாக எழுதிய கை, இவ்விடத்திலே காலத்தின் வழக்கையே எழுதிற்று. அது அக்காலத்துக் குறையன்றோ, அவரை ஏன் குறைகூற வேண்டும் என்பார் உளர். மிஷன் பாடசாலைகளிலும் இவ்வழக்கோடு உடன்பட்டுப்போனோர் இருந்தனர் என்பதும் உண்மையே. ஆயினும் குறை குறையே. அது அவரோடு முடிந்ததுமன்று. 1930ஆம் ஆண்டையொட்டி, நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமாசனம் வழங்குதல் வேண்டுமென்ற கட்டளை வந்தபோது, யாழ்ப்பாணத்திலே அதனை எதிர்த்து ஆரவாரித்தோர் பலர். நீதி நூல்களைத் தலைகீழாக ஒப்பிக்கத்தக்கவர்களும் அவருள் இருந்திருப்பர். சமூகக் குறைபாடுகளைத் தடுக்குஞ் சட்டம் 1957இலேதான் வந்தது. சமயமும் ஊரும் கற்பியாது விட்ட ஒழுக்கத்தைச் சில வேளை அரசாங்கமே சட்டத்தால் கற்பிக்க வேண்டி வருகின்றது. ஒழுக்கக் கல்வியைப் பாடசாலையிலே வைக்க விரும்பும் என்போன்றோர் இதனை மறவாதிருத்தல் நன்று.

நாவலர் பிள்ளைகளுக்கு ஒன்றும் பெரியோருக்கு ஒன்றுமாகப் பேசியவரல்லர். கோயில்களிலே உயிர்ப்பலியிடுதலையும், திருவிழாக்களிலே நடந்த சதிரையும், கோயிற் பொருளைக் கணக்கின்றிச் செலவிடுதலையும் வெளிப்படையாகக் கண்டித்தார். தம் ஊராகிய நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நிருவாகத்தையே எதிர்த்து எழுதினார். 1872இல் வெளியிட்ட யாழ்ப்பாணச் சமயநிலை என்னுஞ் சிறுநூலிலே சைவரின் குறைகளைச் சைவருக்கே எடுத்துக்காட்டினார். பாடசாலையிலே ஒரு நீதி, பட்டினத்திலே ஒரு நீதி என்றிருந்தால் பிள்ளை எதனைக் கற்கும்? பட்டினத்து நீதியையே கற்கும். இதனை அவர் அறிந்திருந்தார்.

கோபத்தைப் பற்றி மாத்திரம் அவர் எழுதிய பாடம் அவர்க்கே முழுவதும் பயன்படவில்லையென்று சிறிது நகையோடு கூறலாம். கண்டனப் பிரசுரங்களிலே அவர் எழுதுகோல் நெருப்பைக் கக்கும். இராமலிங்க சுவாமிகளின் பாடல்களையிட்டு எழுந்த பூசலிலே, இரு திறத்தாரும் நீதிமன்றம்வரை சென்றனர். இரு பக்கத்திலும் இருந்தோர் பெரியோராயிருந்தும் அப்பூசல் இனிதாக இல்லை. அவரைத் தெய்வமாக்கிவிட்டால் இவற்றை மறைக்க நேரிடும். ஆசிரியராக வைத்துக்கொண்டால் மறைக்க வேண்டியதில்லை. எவ்வாசிரியரின் குறையையும் மாணாக்கர் முதலிலேயே கண்டுவிடுவர்.

தானத்தைப் பற்றி எழுதிய பாடம் அவ்வாறன்று. 1877ஆம் ஆண்டையொட்டி யாழ்ப்பாணத்தைப் பஞ்சமும் கொள்ளை நோயும் வருத்தின. மழை பொய்த்தது, அரிசி விலை ஏறிற்று, வாந்திபேதி பரவிற்று. நாவலர் வீடுவீடாகவுங் கடைகடையாகவும் பொருள் திரட்டி, கஞ்சித் தொட்டித் தருமத்தை நடத்தினார். பசித்து வந்தோருக்கு நாள்தோறும் கஞ்சி வார்க்கப்பட்டது. அரசாங்க அதிபராயிருந்த துவைனம் துரையின் நிருவாகம் துன்பத்தைத் தணிக்கப் போதியது செய்யவில்லையென்று கண்டித்ததும் அக்காலத்திலேதான். அப்போது அவர் வயது ஐம்பத்தைந்து, உடல் தளர்ந்திருந்தது. அவர் வித்தியாசாலையிலே அக்காலத்திற் படித்த சிறுவர், தானம் என்னும் பாடத்தைப் புத்தகத்தில் வாசித்த அதே வாரத்திலே, அப்புத்தகத்தை எழுதியவர் கஞ்சிக்கு அரிசி கேட்டுத் தெருவிலே செல்வதையுங் கண்டிருத்தல் கூடும். நமது பாடசாலைகள் எத்துணைப் பாடநூல் அச்சிட்டாலும் இப்பாடத்தை அச்சிட இயலாது.

சிதம்பரத்திலே 1864இல் அவர் ஒரு சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். கோப்பாய் முதலிய இடங்களிலும் பாடசாலைகளைத் தோற்றுவித்தார். தமிழ்க் கல்வி மாத்திரம் போதாது, சைவப் பிள்ளைகள் ஆங்கிலத்தின் பொருட்டுப் பிறர் வாயிலில் நிற்றல் கூடாது என்று கருதி, 1872இல் வண்ணார்பண்ணையிலே சைவாங்கில வித்தியாசாலையைத் தொடங்கினார். ஆங்கிலங் கற்பிக்கும் ஆசிரியருக்கு வேதனம் மிகுதி. மிஷன் பாடசாலையோ பக்கத்திலேயே இருந்தது. தம் மக்கள் சைவராக இருத்தல் வேண்டுமென்று கோயிலிலே கண்ணீர் மல்கிய செல்வர், பாடசாலைக்குப் பணங் கேட்டபோது கையை இறுக்கிக்கொண்டனர். சில ஆண்டுகளிலே அப்பாடசாலை மூடப்பட்டது. அவர் வாழ்விலே நிகழ்ந்த தோல்விகளுள் இதனையே பெரிதென்பேன். ஒழுக்கக் கல்வி வேண்டுமா என்று கேட்டால் வேண்டுமென்று கை உயர்த்துவோர் ஆயிரவர். அதன் செலவில் என் பங்கு இவ்வளவு என்று கை நீட்டுவோர் சிலரே. இதனை நம் பழைய மாணவர் சங்கத்தாருக்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. கட்டட நிதிக்குப் பொருள் சேர்த்த அநுபவம் அவர்களுக்கு உண்டு.

1879ஆம் ஆண்டு பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் சட்டநிரூபணசபைக்குச் செல்லத் துணைநின்றது நாவலரின் கடைசிப் பொதுப்பணிகளுள் ஒன்று. அவ்வாண்டு மார்கழி மாதம் 5ஆந் திகதி, ஐம்பத்தேழு வயது நிரம்புமுன், அவர் சிவபதமடைந்தார். மனைவி மக்களில்லை, பாடசாலையும் அச்சுக்கூடமும் மாணாக்கருமே அவர் விட்டுச்சென்ற செல்வம். சதாசிவபிள்ளை அச்சுப்பணியைத் தொடர்ந்தார். மருகர் பொன்னம்பலபிள்ளை வித்துவசிரோமணியாய் விளங்கித் தமிழ் கற்பித்தார். 1888இலே சைவபரிபாலன சபை தோன்றிற்று. அவர் காலத்திலே நிலைக்காத சைவ ஆங்கிலக் கல்வி, 1890இலே யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வண்ணார்பண்ணையிலேயே வேரூன்றிற்று. 1923இலே சைவ வித்தியாவிருத்திச் சங்கம் தோன்றி, ஊர்தோறும் பாடசாலைகளை நிறுவிற்று.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களால் உதவி நன்கொடைப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை அரசாங்கத்தின் கைக்கு வந்தன. அன்றுமுதல் ஆசிரியருக்கு வேதனம் அரசாங்கத்தினுடையது, பாடநூலும் அதனுடையதே. நாவலர் ஊர்ப்பணத்திலே நடத்திய சமயபாடம், பொதுப்பணத்தில் நடைபெறும் பாடசாலைகளிலே அவரவர் சமயப்படி கற்பிக்கப்படும் பாடமாயிற்று. சாதாரண தரப் பரீட்சையிலும் அது கட்டாய பாடமாக நெடுங்காலம் இருந்துவருகின்றது. அன்று எந்தப் பரிசோதகரும் அளக்காது விட்டதை இன்று பரீட்சைப் பகுதி நூற்றுக்கு இத்தனையென்று அளந்து தருகின்றது. நாவலர் கேட்ட உரிமை கிடைத்துவிட்டது. பெற்றோர் தினத்தன்று தமிழாசிரியரிடத்தும் கணித ஆசிரியரிடத்தும் வந்து மகனுடைய புள்ளியை விசாரிக்கும் தந்தையர் பலர். சைவநெறி ஆசிரியரிடம் வந்து, புள்ளியை விட்டு, என் மகன் எப்படி நடக்கின்றான் என்று கேட்போரை நான் இருபதாண்டு ஆசிரியத் தொழிலிலே விரல்விட்டு எண்ணிவிடுவேன். அப்படிக் கேட்டவருள் ஒருவர் எழுதப் படிக்கத் தெரியாத தோட்டக்காரர். அவர் மகன் இப்போது வன்னியிலே ஒரு சிறு பாடசாலைக்கு அதிபராயிருக்கின்றார்.